குழாய்க்கு ஒரு ஆள்

முதலில் ஒரு சீற்றம் கேட்கும். பாம்பு சீறுவது போல் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஈர விறகை அடுப்பில் வைத்தால் வெட்டிய முனையில் நுரை தள்ளிக்கொண்டு ஒரு சத்தம் வருமே, அது போல. அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் யாரோ தொண்டையைச் செருமுவது போல. அதற்கும் பிறகுதான் தண்ணீர். இந்தத் தெருவில் முதல்முதலாகக் குழாய் போட்ட அன்று கேட்ட சத்தம், டீச்சர். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

நாற்காலியை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மாடி வீடு எங்கேயும் ஓடிப்போகாது, மெதுவாகப் பார்க்கலாம். நல்ல காற்றோட்டம். பள்ளிக்கூடமும் பக்கம். தண்ணீர் எப்படி என்றுதானே கேட்டீர்கள்? அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீடு பார்க்க வருகிறவர்களிடம் தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று சொல்லி அட்வான்ஸ் வாங்குகிற ஆள் நான் இல்லை. படித்தவள். உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

இந்த ஊர்த் தண்ணீர் இந்த ஊரில் பிறந்தது இல்லை. மழை விட்ட மறுநாள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் மலை. அதன் அடிவாரத்தில் கல்லாற்றுப்புதூர். நான் பிறந்த ஊர். அங்கே ஆற்று மணலுக்குள் பெரிய கிணறு இறக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து மோட்டார் வைத்துப் பக்கத்துக் கரட்டின் உச்சியில் இருக்கிற தொட்டிக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து தண்ணீர் தன் கனத்திலேயே இறங்கி வரவேண்டும். வருகிற வழியில் எத்தனையோ ஊர். ஒவ்வொரு ஊரும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடும். கடைசி ஊர் முள்ளிநத்தம். பந்தியில் கடைசி இலைக்கு என்ன வந்து சேரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பி.ஏ. தமிழ் முடித்த கையோடு என்னை இங்கே கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு இங்கே கிணறுதான். கடல் உப்பு, டீச்சர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. கல்யாணமான மறுநாள் மாமியார் கொடுத்த காப்பியை விழுங்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து ஆற்றின் சத்தத்தில் தூங்கியவள். இங்கே ராத்திரி என்றால் ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

அப்புறம்தான் குழாய் வந்தது. எங்கள் ஆற்றுத் தண்ணீரே என்னைத் தேடிக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். வயசு அப்படி. தெருவே கூடி நின்றது. சீற்றம் கேட்டதும் நான் போய்க் குழாயின் வாயில் மூக்கை வைத்தேன். எங்கள் ஊர்த் தண்ணீர் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற காற்று எங்கள் ஊர்க் காற்றாகத்தானே இருக்கும்? ஈர மணல் வாசம் வரும், மருத மர வாசம் வரும் என்று இருந்தேன். துருவும் பிளீச்சிங் பவுடரும்தான் வாசமடித்தது. எதிர்வீட்டுப் பேச்சியக்கா சிரித்தாள்.

“ஏட்டி வடிவு, அது பைப்புட்டி. ஒங்க அம்மை மடி இல்ல.”

சிரிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும்?

தண்ணீர் வந்தது சரி. எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஒரு முறை வந்தால் அடுத்த முறைக்கு நாலைந்து நாள். கோடையில் இன்னும் தள்ளிப்போகும். காலையிலும் வரும், மத்தியானமும் வரும். வழியில் ஒரு ஊரில் பைப்பு உடைந்தால் வரவே வராது. வந்தால் அரை மணி நேரம். அதற்குள் பிடித்துக்கொண்டால் உண்டு. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வீட்டைவிட்டு அசையக்கூடாது. குழாய்க்கு ஆள் என்று அதற்குப் பெயர். மற்ற ஊரில் பத்திரிகை வைக்க வந்தால் குடும்பத்தோடு வாருங்கள் என்பார்கள். இங்கே, “குழாய்க்கு ஒரு ஆள விட்டுட்டு எல்லாரும் வந்துருங்க” என்பார்கள். யாரும் வருத்தப்படுவதில்லை. கல்யாணப் பந்தி முடிந்ததும் வராதவர்களுக்கு இலைப் பொட்டலம் கட்டி சைக்கிளில் வீடு வீடாகக் கொடுத்து அனுப்புவார்கள். குழாய்ப்பந்தி. நாகரிகமான ஊர், டீச்சர். குறை சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் குழாய்க்கு ஆள் ஆவுடை. எங்கள் வீட்டுக்காரரின் தங்கை. மாமியார் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்குக் கிளை நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது, தற்காலிகம்தான். அவருக்குக் கூட்டுறவுச் சங்கம். ஆவுடை எட்டாவதோடு நின்றவள். வீட்டில் இருப்பவள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அதுவாக அமைந்தது.

ஆனால் உண்மையில் கட்டிப்போடப்பட்டவள் யார் என்று கேட்டால் நான்தான். நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன், மனசு இங்கே இருக்கும். தண்ணீர் வந்திருக்குமா, ஆவுடை அண்டாவைக் கழுவிவிட்டுப் பிடித்திருப்பாளா என்று. அவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள்தான் குழாயடியிலேயே இருக்கிறாளே.

என் செண்பகச் சித்தி கல்லாற்றுப்புதூரிலிருந்து பெண் கேட்டு வந்தாள். அவள் மகன் பெயர் குற்றாலம். அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். குடிப்பழக்கம் கிடையாது, நல்ல உயரம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். ஆவுடை என்னுடைய பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, தட்டில் பஜ்ஜியோடு வருகிறாள். அப்போது பார்த்து எனக்குக் கேட்டது. இந்தத் தெருவிலேயே முதலில் கேட்பது என் காதுதான்.

“ஆவுடை! காத்து வருது!” என்றேன்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பஜ்ஜித் தட்டை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். அவன் தட்டை ஏந்திக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறவன் போல் உட்கார்ந்திருந்தான். நான் போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள். வந்திருப்பவர்கள் என் மனுஷர்கள், அவர்களிடம் பேச ஆள் வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். எட்டிப் பார்த்தால் இரண்டு கையிலும் குடம்.

“பொண்ணு பாக்க வந்தவனத் தண்ணி சொமக்க வச்சிட்டீங்களே!” என்று சித்தி சிரித்தாள். “ஆனா வடிவு, இந்தப் புள்ளய எனக்குப் புடிச்சிருக்கு. வீடு தீப்பிடிச்சாலும் இவ மொதல்ல பாத்திரத்த நிமித்திருவா.”

குற்றாலம் நனைந்த வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். “எங்க ஊர்ல தண்ணிய ஒருத்தரும் இப்படிப் பாத்ததே இல்லக்கா” என்றான் என்னிடம். யார் எதைப் பார்த்ததாகச் சொன்னான் என்று எனக்குப் பிடிபடவில்லை. பின்கட்டில் ஆவுடை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். தனியாக.

வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் சித்தி. யோசித்துப் பாருங்கள், வைகாசி. கடுங்கோடை. அப்போது அவளை அனுப்பிவிட்டால் குழாய்க்கு யார்? நானா? நூலகத்தில் அடுத்த வருடம் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். லீவு போட்டால் போயிற்று. இந்த ஊரில் புத்தகத்தைத் தொட்டவர்களே கொஞ்சம். நானும் கதவைச் சாத்திவிட்டால்?

நல்லவேளையாக அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் பைப்பு என்று பேச்சு வந்தது. முதல் பைப்பு சின்னது, அதன் பக்கத்திலேயே பெரிதாக இன்னொன்று போடப்போகிறார்கள், தினமும் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர், யாரும் காத்துக்கிடக்க வேண்டாம் என்று தெருமுனைக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார்கள். வருகிற தை மாதம். ஊரே நம்பியது. ஒருவர் வீட்டுக்குக் கக்கூஸ் கட்டுவதை நிறுத்திவைத்தார். பேச்சியக்கா பேரனுக்குக் காதுகுத்தைத் தள்ளிப்போட்டாள். எதைக் கேட்டாலும் “ரெண்டாம் பைப்பு வரட்டும்.” நானும் சித்தியிடம் அதைத்தான் சொன்னேன். தை பிறக்கட்டும், பைப்பு வரட்டும், நிம்மதியாகக் கல்யாணத்தை வைப்போம். சித்தி ஒத்துக்கொண்டாள். ஒரு தை என்ன தூரமா?

தை வந்தது. பைப்பு வந்தது. லாரியில் வந்து சாலையோரத்தில் இறங்கியது. ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம், அவ்வளவு பெரிது. இறக்கிப் போட்டதோடு சரி. பள்ளம் தோண்ட யாரும் வரவில்லை. ஒரு பைப்புக்குள் நாய் குட்டி போட்டது. அந்தக் குட்டி வளர்ந்து அதே பைப்புக்குள் குட்டி போட்டது. ஏதோ கேஸ் என்றார்கள். வழியில் யாரோ நிலம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்றார்கள். என் கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

நடுவில் ஆடி மாதம் எங்கள் ஊரில் கோயில் கொடை. குற்றாலம் ஆள் சொல்லி அனுப்பியிருந்தான், ஆவுடையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று. அவரும் நானும் போனோம். குழாய்க்கு ஆள் வேண்டுமே. பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். சாலை கூடவே பழைய பைப்பும் வருகிறது. ஒரு இடத்தில் பூமிக்குள் போகிறது, ஓடையில் தூண் மேல் ஏறிக் கடக்கிறது, மறுபடி உள்ளே. அங்கங்கே காற்று வெளியேற வால்வு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து கசிகிறதைப் பிடிக்கக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆடு நக்குகிறது. இவ்வளவு பேரைக் கடந்துதான் நம் அண்டாவுக்கு வருகிறது. நான் அதற்குள்ளேயே எதிர்த்திசையில் ஊர்ந்து ஊர் போகிற மாதிரி இருந்தது. மூச்சு முட்டியது. ஆற்றைப் பார்த்ததும்தான் சரியாயிற்று. அன்று வெகுநேரம் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து ஆவுடையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கல்லில் தண்ணீர் மோதுகிற இடம், படித்துறை, மருத மர வேரில் மீன் ஒதுங்குவது. நேரில் பார்த்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு தெரிந்திருக்காது. அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

“மதினி, ராத்திரியும் ஓடுமா?”

“எது?”

“ஆறுதான். எல்லாரும் ஒறங்குனப்புறமும் ஓடுமா? யாரு நிறுத்துவா?”

நான் சிரித்துவிட்டேன். அவரிடம் சொல்லி அவரும் சிரித்தார். ரொம்ப நாள் அதைச் சொல்லி அவளைக் கேலி செய்வோம். “ஆவுடை, ஆத்த மூடிட்டியா?” என்று கேட்பார். அவளும் சிரிப்பாள்.

அடுத்த கோடையில் குற்றாலம் தனியாக வந்தான். கையில் ஒரு கேன். எங்கள் ஆற்றுத் தண்ணீர், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். “இது இவங்களுக்குக்கா” என்று ஆவுடையைக் காட்டினான். பேர் சொல்லக் கூச்சம். ஆவுடை அதை வாங்கிப் புழங்காமல் அடுப்படி மூலையில் துணி போட்டு மூடி வைத்தாள். நாலைந்து நாள் பார்த்தேன். தண்ணீரை வைத்து அழகு பார்ப்பார்களா? வீட்டுக்காரருடைய சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தபோது அதை எடுத்துக் காப்பி போட்டேன். என்ன ருசி! எல்லோரும் சொன்னார்கள். ஆவுடை கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று சாயங்காலம்தான் அவள் என்னிடம் வாயைத் திறந்து கேட்டது. அவள் வாழ்நாளில் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

“மதினி, நீங்க ஒரு வருசம் லீவு போடுங்க. நான் போயிருதேன்.”

“ஏட்டி, வேல நெரந்தரமாகப் போற நேரத்துல லீவா?”

“அண்ணன் சங்கத்துல அர நாள் கேட்டுப் பாக்கட்டும்.”

“ஆம்பள குழாயடியில ஒக்காந்தா ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு மாசம் சிரிக்கும். அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும்.”

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உன்னைப் போகவேண்டாம் என்று யார் சொன்னது? பைப்பு வந்ததும் நானே பட்டு எடுத்து, நானே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றேன். பெண் என்றால் வீட்டின் கஷ்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. நான் யாரிடமும் கோபமாகப் பேசியதில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். வெளிச்சம் போகுமுன்னே அண்டாவைத் தேய்க்கப் போனாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராது. ஆற்றங்கரையில் பிறந்தவள் நான். இங்கே அண்டாத் தண்ணீரில் முகம் கழுவுகிறேன். உப்புக் கிணற்றில் வளர்ந்தவள் போய் அங்கே படித்துறையில் இறங்கப்போகிறாள். நல்லதுதான். நல்லதுதான் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுவருடம் மாசியில் சித்தி வந்தாள். வெயிலில் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். பலகாரம் வேண்டாம் என்றாள்.

“தேதி சொல்லு வடிவு.”

“அடுத்த தைக்குள்ள முடிச்சிருவோம்னு சொல்லுதாங்க சித்தி. பள்ளம் தோண்ட ஆரம்பிச்சாச்சி.”

“பைப்புத் தேதியக் கேக்கல. கல்யாணத் தேதியக் கேக்கேன்.”

நான் பொய் சொல்லத் தெரியாதவள். “ரெண்டும் ஒண்ணுதான் சித்தி” என்றேன்.

சித்தி எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க மாப்ள. ஒங்க தங்கச்சி.”

அவர் என்னைப் பார்த்தார். “வடிவு சொல்லுததுதான்” என்றார். அவர் எப்போதுமே என் வார்த்தையைத் தட்டமாட்டார்.

“பைப்பு வராட்டாலும் பொண்ணு வரலாம்ல?” என்றாள் சித்தி. “அவன் ரெண்டு வருசமா எவளையும் பாக்கமாட்டேங்கான். எனக்கும் வயசாகுது.” ஆவுடை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்ல? பேசாமல் இருந்தேன். சில சமயம் பேசாமல் இருப்பதுதான் மரியாதை.

சித்தி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்காக வைத்த செம்புத் தண்ணீரைத் தொடவில்லை. முள்ளிநத்தத்தில் ஒரு வீட்டுக்கு வந்து, வைத்த தண்ணீரைக் குடிக்காமல் போவது செருப்பால் அடிக்கிற மாதிரி. எனக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. மறுபடி பானையில் ஊற்றலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் ஆவுடை செம்பை எடுத்தாள். நின்றபடியே அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். அவ்வளவு தாகம் எங்கிருந்து வந்ததோ.

ஆவணியில் குற்றாலத்துக்கு வேறு இடத்தில் கல்யாணம். எனக்குத் தம்பி முறை, போகாமல் இருக்க முடியுமா? அவரும் நானும் போனோம். சித்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் முறை தவறவில்லை. நாங்கள் கிளம்பும்போது பந்தியிலிருந்து ஆவுடைக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொன்னேன். அந்த ஊரில் அப்படி வழக்கம் இல்லை, சமையல்காரர் ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லி வாங்கினேன். குழாய்க்கு ஆளாக இருந்தவளுக்கு அது சேரவேண்டியது. குற்றாலம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நான் அதை வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் மாறி வந்து சேர்ந்தபோது சோறு கொஞ்சம் சில்லிட்டிருந்தது. ஆவுடை இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன், மனசு எப்படி இருக்கிறதோ என்று. நன்றாகச் சாப்பிட்டாள், டீச்சர். அவியல், கூட்டு, பாயசம், ஒன்றும் மிச்சமில்லை.

“பருப்பு மாதிரி பருப்பு. குழைஞ்சி வெந்துருக்கு பாத்தீங்களா மதினி” என்றாள். “நல்ல தண்ணி.”

அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஊரில் என்னென்னவோ பேசினார்கள். பேச்சியக்காகூட ஒரு நாள் குழாயடியில், “படிச்சவ கணக்கே தனி” என்று என் காதுபடச் சொன்னாள். அவர்கள் எல்லாம் ஆவுடை சாப்பிட்டதைப் பார்க்கவில்லை.

வேறு மாப்பிள்ளையும் பார்க்கத்தான் செய்தோம். இந்த ஊரில் பெண் எடுக்க யாருக்கும் தயக்கமில்லை, கஷ்டம் தெரிந்த பெண்கள் என்று. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று. வறட்சி வந்தது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். சங்கத்தில் அவருக்கு மாற்றல். அப்புறம் வயசு போய்விட்டது. எனக்கு வேலை நிரந்தரமாகி, நூலகர் ஆகி, ஓய்வும் பெற்றேன். வழியனுப்பு விழாவில் நான் பேசியதைக் கேட்டு ரெண்டு பேர் கண் கலங்கினார்கள்.

கேட்டால் நம்பமாட்டீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் இரண்டாம் பைப்பு வந்தது. பழைய பைப்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்து பதித்தார்கள். சொன்னது சொன்னபடி தினமும் காலையில் ஒரு மணி நேரம். சீற்றம் கிடையாது, செருமல் கிடையாது. திறந்தால் தண்ணீர். சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

சித்திரை கழிந்து ஒரு நாள் காலை, ஆவுடை வழக்கம்போல் பிடித்தாள். அன்று அண்டா, குடம் எல்லாம் நிறைத்து, தவலை, வாளி, செம்பு, டம்ளர் வரைக்கும் ஊற்றி வைத்திருந்தாள். அடுப்படியில் கால் வைக்க இடமில்லை.

“என்னட்டி இது?”

“எல்லாம் நெறஞ்சிருக்கு மதினி” என்றாள். கையில் ஒரு ரெக்சின் பை. பேச்சியக்கா மகள் குடும்பம் திருப்பூரில் இருக்கிறது, அவர்களோடு போகிறாளாம். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பெற்ற மகளைப் போல் பார்த்துக்கொண்டேன். அண்ணன் வாசலில் நின்று, “எங்க போற, இந்த வயசுல?” என்கிறார். “பைப்புதான் வந்துட்டுல்லண்ணே” என்கிறாள். காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டாள், அதைச் சொல்லவேண்டும். மரியாதை தெரிந்தவள்.

நான் ஓய்வு பெற்று, கால் வலி வந்து, ஒரு ஆள் துணை வேண்டும் என்கிற நேரம் பார்த்துப் போனாள். இதை எங்கே போய்ச் சொல்வது?

இரண்டாம் பைப்பும் கொஞ்ச காலம்தான். வழியில் ஊர்கள் பெருத்துவிட்டன. கல்யாண மண்டபம், ஓட்டல் என்று எல்லோரும் அதிலிருந்து இழுக்கிறார்கள். இப்போது மறுபடியும் பழைய கதை. நாள் விட்டு நாள் என்பார்கள், வாரமும் ஆகும். மறுபடி அந்தச் சீற்றம். ஆனால் இப்போது குழாய்க்கு ஆள் நான். அவருக்குப் பக்கவாதம் வந்து உள் அறையில் படுத்திருக்கிறார், எழுந்து ஒரு செம்பு நகர்த்த முடியாது. நான் வாசலைத் தாண்டி எத்தனை நாளாகிறது தெரியுமா? செண்பகச் சித்தி சாவுக்குப் போகவில்லை. ஆற்றைப் பார்த்து வருடக்கணக்காகிறது. வீட்டுக்குள் எங்கே நின்றாலும் ஒரு காது குழாயிடம். படிக்க உட்கார்ந்தால் ஒரே வரியில் நிற்கிறேன். யாராவது வந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது. பெண்ணுக்குப் பெண் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி?

நீங்கள் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவீர்கள். தனியாக என்றால் கஷ்டம். கூட யாராவது இருக்கிறார்களா? தங்கையா! கல்யாணம் ஆகவில்லையா? வேலைக்கும் போகவில்லையா? பரீட்சைக்குப் படிக்கிறாளா? நல்லது, ரொம்ப நல்லது. வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கலாம், நல்ல வெளிச்சம். புத்தகம் நான் தருகிறேன். வாடகையைப் பற்றி யோசிக்காதீர்கள், பேசிக்கொள்ளலாம். அவளை முதலில் அனுப்பி வையுங்கள். நீங்கள் சாமானோடு அப்புறம் வரலாம்.

ஆவுடையா? திருப்பூரில் பனியன் கம்பெனிப் பெண்கள் தங்குகிற விடுதியில் சமையல் பார்த்தாள். கடைசி வரைக்கும் அதுதான். ஒரு தரம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. போனில் சொன்னார்கள். இவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நானும் வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. விடுதிப் பெண்கள்தான் கூட நின்று, அங்கேயே மின்மயானத்தில் எரித்தார்கள்.